சுருள், தகடு, உறை: கண்மாய்க் கம்பிக்கு எதை வாங்குவது?

அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம். மின்கம்பியில் பறவை சாகாமல் இருக்கச் சாமான் வாங்குவதானால் முதலில் உறை, அடுத்து ஆடும் தகடு, கையில் காசு மிச்சமிருந்தால் சுருள். உறையிலும் டிரான்ஸ்பார்மரில் தொடங்கி அப்புறம்தான் கம்பத்துக்கு வர வேண்டும். இந்த வரிசை ஏன் என்று கேட்பவர்களுக்குத்தான் மற்றதெல்லாம்.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர், காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கண்மாய் இல்லாத ஊரைத் தேடத்தான் வேண்டும். பம்புசெட்டுக்கு மின்சாரம் வேண்டுமென்றால் 11 கே.வி. (11,000 வோல்ட்) கம்பி வயல் பக்கம் வந்தே தீரும். கரையை ஒட்டி வரும், சில இடங்களில் நீர்ப்பிடிப்பின் குறுக்கேயே போகும். பறவைக்கும் அதே கண்மாய், அதே வயல்தான். ஊராட்சிக்காகவோ, தோப்புக்காகவோ, பழைய வீட்டை விடுதியாக்கி நடத்துகிறவர்களுக்காகவோ 'பறவைக் காப்பு' சாமான் விசாரிப்பவர்கள் விற்பனைத் தாளை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாறுவார்கள். பறவை தப்பிக்கும் என்று தாளில் இருக்கும். எந்தப் பறவை, எந்தக் கம்பி, எந்த நேரம் என்று இருக்காது.

சாவு இரண்டு விதம். பறக்கிற வேகத்தில் கம்பியில் மோதிச் சாவது ஒன்று. கம்பத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் இரண்டு கம்பியையோ, கம்பியையும் இரும்பையுமோ தொட்டு ஷாக் அடித்துச் சாவது மற்றொன்று. கரிச்சானும் மீன்கொத்தியும் நாளெல்லாம் கம்பியில் உட்கார்ந்தும் பிழைக்கின்றன என்றால், அவை தொடுவது ஒரே கம்பியை. மின்சாரம் இறங்கிப் போக வேறு வழி கிடையாது. மோதலுக்கு, கம்பியைப் பறவையின் கண்ணுக்குக் காட்டும் தகடும் சுருளும். ஷாக்குக்கு, கம்பியை மூடும் உறை. தலைவலிக்கும் கால்முறிவுக்கும் ஒரே தைலத்தை விற்கிற வியாபாரி இதிலும் உண்டு. மயில் டிரான்ஸ்பார்மரில் அடிபட்டுச் சாகிற ஊருக்கு நூறு சுருளை விற்றுவிட்டுப் போனால் ஒரு மயிலும் பிழைக்காது.

மின்கம்பியில் சாகிற பறவைகளை உட்கார்ந்து எண்ணிய இடங்களில் வட ஐரோப்பாவின் காடுகள் முக்கியமானவை. நார்வே, ஸ்வீடன் பக்கம் ஸ்புரூஸ், பைன் மரக்காட்டின் நடுவே வகிடு எடுத்த மாதிரி மரங்களை வெட்டி, அந்தப் பாதையில் உயரழுத்தக் கம்பியைக் கொண்டுபோகிறார்கள். வகிட்டில் மரம் எழும்ப விடுவதில்லை. வெட்ட வெட்ட பிர்ச், ரோவன் கன்றுகளும் புதர்களும் துளிர்க்கும். தளிரையும் பழத்தையும் தேடிக் காட்டுக்கோழி வகைகள் அங்கே வரும். ஓரமாக நரி வரும். நம் அண்டங்காக்கைக்குப் பெரியப்பா முறையான ரேவன் கோபுரத்து உச்சியில் உட்கார்ந்து கீழே கூடு இருக்கிறதா என்று நோட்டம் விடும். தீனி வைத்துக் கூப்பிடுவதும் அந்தப் பாதைதான், அடித்துப் போடுவதும் அந்தப் பாதையில் போகிற கம்பிதான்.

பெவாங்கர் என்ற நார்வே ஆய்வாளர் 1995இல் வெளியிட்ட கணிப்பு இது: உயரழுத்தக் கம்பியில் மோதி அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 20,000 கேப்பர்கேலி, 26,000 கறுப்பு குரூஸ், 50,000 வில்லோ டார்மிகன் சாகின்றன. மூன்றும் கோழிக் குடும்பம். கனத்த உடம்பு, அதற்குக் குட்டையான இறக்கை. வேகமாகப் பறக்கும், சட்டென்று திரும்பத் தெரியாது. ஆண் கேப்பர்கேலி நாலு கிலோ வரும். வெளிச்சம் மங்கிய நேரத்தில் மரநுனி உயரத்தில் பறக்கும். கம்பியும் அதே உயரத்தில் காத்திருக்கும்.

கோழிக் குடும்பம், நாலு கிலோ, கனத்த உடம்பு, அந்தி வெளிச்சம். இந்த அங்க அடையாளம் யாருடையது என்று குன்றக்குடிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். மலைக்கே மயூரகிரி என்று பெயர்.

வெளிநாட்டிலிருந்து நமக்கு உதவுகிற பாடம் மூன்று. முதலாவது எர்த் கம்பி, அதாவது இடியைத் தரைக்கு இறக்க லைனின் உச்சியில் போகும், மின்சாரம் ஓடாத கம்பி. நார்வே மலைப்பகுதியில் ஒரு லைனின் உச்சியில் போன எர்த் கம்பியைக் கழற்றிப் பார்த்தார்கள். டார்மிகன் மோதுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நம் 110 கே.வி. கோபுரத்தில் போகும் பேந்தர் ரகக் கண்டக்டரின் (மின்சாரம் ஓடும் கம்பியின்) விட்டம் 21 மி.மீ. அதற்கு மேலே போகும் எர்த் கம்பி 3.15 மி.மீ. இழை ஏழைத் திரித்தது, மொத்தமே 9.45 மி.மீ. தடித்த கம்பியைப் பார்த்துப் பறவை மேலே எழும்பும். எழும்பின இடத்தில் மெல்லிய கம்பி இருக்கும். ஆகவே கோபுர லைனில் குறி போடுவதாக இருந்தால் எர்த் கம்பியில் போடுங்கள். கீழே மூன்று கண்டக்டரிலும் போட்டுவிட்டு மேலே வெறுமையாக விடுவது காசைக் கரியாக்குவது.

இரண்டாவது பாடம் மரத்தின் உயரம். பக்கத்து மரங்கள் கம்பியைவிட உயரமாக இருந்தால், மரத்தைத் தாண்ட எழும்பும் பறவை கம்பியையும் சேர்த்துத் தாண்டிவிடும். கம்பி மரநுனிக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ போனால்தான் வினை. கண்மாய்க்கரைப் பனை வரிசை இந்த வேலையை ஒரு பைசா வாங்காமல் செய்கிறது. 11 கே.வி. கம்பம் 9 மீட்டர். நன்றாக வளர்ந்த பனை அதற்கு இரண்டு பங்கு. மட்டை விழுந்தால் கம்பியில் படாத தூரத்தில் நிற்கும் பனையை 'லைனுக்கு இடைஞ்சல்' என்று வெட்ட விடாதீர்கள். வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பது தனிக்கதை.

மூன்றாவது, மின்பாதை என்றாலே கேடு என்பதும் சரியில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு வேட்டைக்காட்டின் ஊடாகப் போகும் லைனில் 1953 முதல் செடிகொடிகளைக் கவனித்து வருகிறார்கள். உயரமாக எழும் மரத்தை மட்டும் எடுத்துவிட்டுக் குட்டைப் புதரை விட்டுவைத்த பகுதிகளில் புதர்ப்பறவைகள் கூடுகட்டிப் பெருகுகின்றன. இங்கேயும் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் கம்பிக்குக் கீழே மொட்டையடிக்கத் தேவையில்லை. காரை, சூரை எல்லாம் புதரோடு சரி, கம்பியைத் தொடப் போவதில்லை. கௌதாரிக்கு அதுதான் வீடு. காரைச் செடி இருந்ததால்தான் காரைக்குடி என்று பெயர்க்காரணம் சொல்கிற ஊரில், அந்தச் செடிக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாதா?

இனி சாமான்களுக்கு வருவோம்.

சுருள் கையில் எடுத்தால் பெரிய ஸ்பிரிங் மாதிரி இருக்கும். ஒரு முனை நெருக்கமாகச் சுற்றியிருக்கும். கம்பியைப் பிடிப்பது அது. மறுமுனை அகன்று விரிந்திருக்கும். பறவை கண்ணில் பட வேண்டியது அது. கெட்டி பி.வி.சி. ஆடுகிற பாகமே இல்லாததால் பழுதாக ஒன்றுமில்லை. சுருளை விரும்புகிறவர்கள் சொல்லும் ஒரே காரணமும் இதுதான், நியாயமான காரணம். உறைபனி ஒட்டுகிற வட ஐரோப்பாவில் ஆடும் தகடு உறைந்து நின்றுவிடும் என்பதால் அங்கே சுருளுக்கு மரியாதை கொஞ்சம் கூடுதல். நமக்கு உறைபனியும் இல்லை, அந்தக் கவலையும் இல்லை.

சுருளில் பிழை வருவது பெரும்பாலும் அளவில். 11 கே.வி. லைனில் கம்பி ஸ்குவிரல் ரகம் என்றால் விட்டம் 6.33 மி.மீ., வீசல் என்றால் 7.77, ரேபிட் என்றால் 10.05. அணில், மரநாய், முயல் என்று கம்பிக்கெல்லாம் மிருகப் பெயர் வைத்தவர்கள் பறவையை மட்டும் மறந்துவிட்டார்கள். ரேபிட்டுக்குச் செய்த சுருளை வீசலில் மாட்டினால் பிடி தளர்ந்து, காற்றின் அதிர்வில் மெல்ல நகர்ந்து, கம்பி தொய்ந்த நடுவிடத்தில் எல்லாம் வந்து கூடிவிடும். துணி காயப்போடும் கொடியில் கிளிப்புகள் நடுவில் சேருமே, அதே மாதிரி. வீசல் அளவை ரேபிட்டில் திணித்தால் இறுக்கத்தோடு வெயிலும் சேர்ந்து பிடிமுனை வெடிக்கும். ஆர்டர் கொடுக்கும் முன் கம்பி எது என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு தப்பாகும்.

நிறமும் கவனிக்க வேண்டியது. சாம்பல் நிறச் சுருள் மழைக்கால மேகத்தின் முன்னால் இருப்பதே தெரியாது. கறுப்பையும் வெள்ளையையும் மாற்றி மாற்றிப் போட்டால் எந்த வானத்திலும் ஒன்றாவது தெரியும். எவ்வளவு நல்ல சுருளாக இருந்தாலும் அந்தி சாய்ந்த பிறகு பயன் குறைவு. நாரைகள் கண்மாய்க்குத் திரும்புவதோ அந்த நேரத்தில்.

ஆடும் தகடு அதைவிட ஒரு படி மேல். கம்பியைக் கவ்வும் கிளாம்பு, கீழே சுழலும் ஸ்விவல், அதில் தொங்கும் உள்ளங்கையைவிடப் பெரிய தகடு, தகட்டின் இருபுறமும் மினுமினுப்பு ஸ்டிக்கர், இருட்டில் ஒளிரும் பட்டை. காற்றில் சுழன்று பளிச் பளிச்சென்று மின்னும். அசையும் பொருளைப் பறவைக் கண் சீக்கிரம் பிடிக்கும் என்பதுதான் இதன் ஆதாரம்.

எல்லாப் பறவைக்கும் ஒரே பலன் கிடைக்காது. தென்னாப்பிரிக்காவின் கரூ சமவெளியில் கம்பிக்குக் குறி போட்டுப் பார்த்த சோதனையில் நீலக்கொக்கு மோதுவது 92 சதவீதம் குறைந்தது. பெரிய பறவைகளை மொத்தமாக எடுத்தால் 51 சதவீதம். லுட்விக் வரகுக்கோழிக்கு மட்டும் குறையவே இல்லை. காரணம் கண்ணின் அமைப்பில் தேட வேண்டும். வரகுக்கோழியும் கொக்கும் பறக்கும்போது கீழே தரையைப் பார்க்கத் தலையைச் சாய்த்தால் எதிரே வருவது தெரியாத குருட்டுப் பகுதி உண்டு. நாரைக்கும் உண்டு, அது இன்னும் அதிகம் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்க்காத பறவைக்குத் தகடு மின்னினால் என்ன, மின்னாவிட்டால் என்ன? 'மோதலை 90 சதவீதம் தடுக்கும்' என்று ஒரே எண்ணை அச்சடித்த தாளைக் கண்டால், எந்தப் பறவைக்கு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடை.

நம் பக்கத்தில் தகட்டால் ஆதாயம் அடையப் போவது நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் வகையறா. வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977 முதல் சரணாலயம், 38.4 ஹெக்டேர். பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிக்காத ஊர்கள். கூடு அங்கே பத்திரம். தீனி அங்கே இல்லை. காலையில் நாலாபுறமும் வயலுக்குப் பறந்து சாயங்காலம் திரும்பும் வழியில் எத்தனை ஊர்க் கம்பி! நத்தைகுத்தி மேலே வட்டமடித்துவிட்டு இறங்கும்போது இறக்கையை விரித்து வைத்து, காலைத் தொங்கப் போட்டு, சறுக்கிக்கொண்டே வரும். அந்த நிலையில் திடீரென்று எழும்ப அதனால் ஆகாது. அது கரையைத் தாண்டி இறங்கும் அந்த இருநூறு, முந்நூறு மீட்டர் எங்கே என்று கண்டுபிடித்துத் தகடு மாட்டினால் போதும். அதைப் பார்க்காமல் ஊர் எல்லையிலிருந்து எல்லை வரை மாட்டுவது கல்யாண வீட்டுச் சீரியல் செட் போடுகிற கதை. மார்கழியில் ஒரு வாரம் அந்தியில் கரையில் நின்று, எந்தக் கம்பத்துக்கும் எந்தக் கம்பத்துக்கும் நடுவே அதிகம் கடக்கின்றன என்று கம்ப எண்ணோடு குறித்தால் வேலை முடிந்தது.

வாங்கும்போது ஒரு மாதிரியைக் கேட்டு வாங்கிச் சோதியுங்கள். ஒரு மீட்டர் பழைய கண்டக்டர்த் துண்டில் கிளாம்பை மாட்டி, பக்கவாட்டில் பலமாக இழுத்துப் பாருங்கள். நகர்ந்தால் ஆடிக்குத் தாங்காது. கவ்வும் வாயில் ரப்பரோ மெத்தையோ இல்லாமல் வெறும் இரும்பாக இருந்தால் அலுமினிய இழையை அரைத்துவிடும். பறவையைக் காப்பாற்றப் போய்க் கம்பி அறுந்து விழும். அடுத்து ஸ்விவலைப் பாருங்கள். தகட்டின் துளையில் உலோக வளையம் பதித்திருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் துளையில் எஃகுக் கொக்கியைக் கோர்த்திருந்தால், வட்டத் துளை சில மாதத்தில் முட்டை வடிவமாகும், மேல் விளிம்பு காகிதமாக மெலியும், ஒருநாள் காலையில் கொக்கி மட்டும் கம்பியில் தொங்கும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், இதுவா நிற்கும்?

தகடு பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். அக்ரிலிக் பார்க்கப் பளபளப்பாக இருக்கும். வளைத்தால் பட்டென்று உடையும், துளையைச் சுற்றி முடி மாதிரி விரிசல் ஓடும். ஒளிரும் பட்டையை ஒரு பகல் வெயிலில் வைத்துவிட்டு, இரவு விளக்கை அணைத்து எத்தனை மணி வரை தெரிகிறது என்று பாருங்கள். நாரைக்கு அந்த ஒளி அவ்வளவு முக்கியமில்லை. இருட்டிய பிறகு இரைக்குக் கிளம்பும் வக்காவுக்கு அதுதான் எல்லாம். மத்திய மின்சார ஆணையம் தகடு, சுருள் போன்ற பறவை விலக்கிகளுக்கென்றே தொழில்நுட்ப வரையறை வெளியிட்டிருக்கிறது. ராஜஸ்தானில் கானமயிலுக்காக 2021இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு இந்தச் சாமானுக்கு நாட்டில் பெரிய சந்தை உண்டானது. அந்த வரையறைக்கு ஏற்ற சோதனைச் சான்று இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

கணக்குக்கு வருவோம். கம்பத்துக்குக் கம்பம் 60 மீட்டர் என்று வையுங்கள். மூன்று கம்பிக்கும் 15 மீட்டருக்கு ஒன்று, ஒவ்வொரு கம்பிக்கும் 5 மீட்டர் தள்ளித் தள்ளி மாட்டினால், பக்கவாட்டிலிருந்து பார்க்கும் பறவைக்கு 5 மீட்டருக்கு ஒரு தகடு தெரியும். ஒரு இடைவெளிக்கு 12. ஒரு கிலோமீட்டர் கரைக்கு 17 இடைவெளி, 204 தகடு. எடையையும் பாருங்கள். வீசல் கண்டக்டர் கிலோமீட்டருக்கு 128 கிலோ. 60 மீட்டருக்கு ஏழேமுக்கால் கிலோகூட இல்லை. தகடு ஒன்று 300 கிராம் என்றால் கம்பிக்கு நாலு தகட்டில் 1.2 கிலோ, அதாவது பதினைந்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் பாரம். ஏற்கெனவே தொய்ந்து கிடக்கிற பழைய லைனில் முதலில் தொய்வை இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் தகட்டைப் பற்றிப் பேச வேண்டும். இன்சுலேட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் மாட்ட வேண்டாம். உலோகத் தகடு வேண்டவே வேண்டாம்: நம் 11 கே.வி. லைனில் மேலே எர்த் கம்பி இல்லாததால் தகடு தொங்குவது மின்சாரம் ஓடும் கம்பியில்தான். வீட்டுப் பக்கம் மாட்டினால் இரவெல்லாம் சடசடவென்று சத்தம் வரும். புகார் வரும் முன்னே அந்த ஒரு இடைவெளிக்குச் சுருளைப் போட்டுவிடலாம். சுருளுக்கு உருப்படியான இடம் அதுதான்.

இப்போது உறை.

டிரான்ஸ்பார்மர் நிற்கும் இரட்டைக் கம்பத்தைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஏபி சுவிட்ச் (லைனைத் துண்டிக்கும் விசை), ஃபியூஸ், இடிதாங்கி, புஷ்ஷிங் (கம்பி டிரான்ஸ்பார்மருக்குள் நுழையும் பீங்கான் தலை), இவற்றை இணைக்கும் ஜம்பர் கம்பி, எல்லாமே ஒரு கை நீளத்துக்குள். நடுவில் உட்கார வசதியாக அகலமான இரும்புச் சேனல். பொழுது சாயும்போது உயரமான இடம் தேடும் மயிலுக்கு இதைவிட வாகான திண்ணை கிடைக்காது. மயிலின் தோகையும் விரித்த இறக்கையும் எங்கே படும் என்று அதற்கே தெரியாது. உலர்ந்த இறகு ஓரளவு காப்பு. நனைந்த இறகு காப்பே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நனைந்து வந்து உட்காரும் மயில், உடம்பை உதறி இறக்கையை விரிக்கும் நொடியில் சாகிறது. ஃபீடரும் டிரிப் ஆகும். ஊரே இருட்டில் கிடந்து, லைன்மேன் டார்ச்சோடு காரணம் தேடுவார். பறவை மேல் கரிசனம் இல்லாதவர்களையும் சம்மதிக்க வைக்க இந்த ஒரு வாதம் போதும்.

கம்பத்திலும் இதே கதை. கம்பத்தின் குறுக்குச் சட்டமான வி வடிவ இரும்புக் கிராஸ் ஆர்ம் பூமியோடு இணைந்தது. அதன் மேல் கம்பியைத் தாங்கி நிற்கும் 'பின்' இன்சுலேட்டர் ஒரு சாண் உயரம்தான். கிராஸ் ஆர்மில் காலை வைத்த பறவை தலையைத் தூக்கினால் கம்பி. நத்தைகுத்தியின் இறக்கை விரிப்பு ஒன்றரை மீட்டரை ஒட்டி வரும். பருந்து, கழுகுகளுக்காக அமெரிக்காவில் கடைப்பிடிக்கும் அளவு, பக்கவாட்டில் 150 செ.மீ., மேல்கீழாக 100 செ.மீ. இடைவெளி. அந்த இடைவெளி இல்லாத இடத்தில் மூடு என்பதுதான் விதி. ஜெர்மனி 2002இல் சட்டமே போட்டு, நடுத்தர அழுத்தக் கம்பங்களைப் பறவைக்கு ஆபத்தில்லாமல் மாற்றப் பத்தாண்டு கெடு கொடுத்தது. நார்வேயில் கொம்பன் ஆந்தைக்கும் கம்பத்து டிரான்ஸ்பார்மரே எமன். நம் மயிலுக்கும் அந்த ஆந்தைக்கும் சாவு ஒரே திண்ணையில்.

உறை மூன்று உருப்படியாக வரும்: புஷ்ஷிங் தலைக்குத் தொப்பி, ஜம்பர் கம்பிக்கு நீளவாக்கில் பிளந்த குழாய், பின் இன்சுலேட்டரின் மேல் கவிழ்க்கும் முதுகு மூடி. வாங்க வேண்டியது வெளிப்புற உபயோகத்துக்கான சிலிக்கான் ரப்பர். மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். தொப்பி மட்டும் போட்டு ஜம்பரை அம்மணமாக விட்டால் பாதி வேலைகூட ஆகாது. கம்பத்தில் நடுக் கம்பிக்கு மட்டும் மூடி போட்டால் போதும் என்று ஒரு யோசனை சொல்வார்கள். மரக் கிராஸ் ஆர்ம் உள்ள நாட்டுக்கு அது சரி. நம்முடையது இரும்பு. ஓரத்துக் கம்பி இரண்டுக்கும் இரும்புக்கும் நடுவே அதே ஒரு சாண்தான் இருக்கிறது. மூன்றுக்கும் போட வேண்டும், இன்சுலேட்டருக்கு இருபுறமும் அரை மீட்டருக்குக் குறையாமல் கம்பியை மூட வேண்டும்.

இதில் மலிவு வழி ஒன்று உண்டு, ஆபத்தான வழி. வீட்டுத் தண்ணீர்க் குழாயான பி.வி.சி. பைப்பைப் பிளந்து கம்பியில் மாட்டுவது. முதல் கோடையில் நிறம் மங்கும், இரண்டாம் கோடையில் நொறுங்கும். மேலே செம்மண் தூசி படிந்து, அதில் மார்கழிப் பனி இறங்கினால், ஈரத் தூசியின் வழியாக மின்சாரம் மெல்ல ஊர்ந்து, கரிக்கோடு கிழித்துக்கொண்டே போகும். ஒருநாள் அந்தக் கோட்டின் வழியே தீப்பிடிக்கும். சிலிக்கான் உறையில் தண்ணீர் முத்து முத்தாக நின்று உருண்டு விழும், படலமாகப் பரவாது. வாங்கும்போது நாலு சொட்டுத் தெளித்துப் பாருங்கள். பரவினால் அது சிலிக்கான் இல்லை, அல்லது அதில் சிலிக்கான் கொஞ்சம்தான்.

உறைக்கும் குறை இருக்கிறது. உள்ளே இன்சுலேட்டர் விரிசல் விட்டால் வெளியிலிருந்து தெரியாது. அடியில் வடிகால் துளை இல்லாத மூடியில் தண்ணீர் தேங்கும். எறும்பும் குளவியும் குடியேறும். கிளிப் சரியாகப் பூட்டாத மூடி காற்றில் ஒரு பக்கம் எழும்பி, ஒரு விரல் அளவுக்குக் கம்பியைக் காட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒரு விரல் போதும். ஆகவே கிளிப் ஒவ்வொன்றும் பூட்டியதை மாட்டிய அன்றே படம் எடுத்து வாங்கிவையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஷட்டவுன் நாளில் மூடியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

புற ஊதா ஒளி வீசும் விளக்கு வகை ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிளாட் ஆற்றங்கரையில் சாண்ட்ஹில் கொக்கு மோதுவதை 98 சதவீதம் குறைத்தது. அருமையான சாமான். ஒரு கண்மாய்க்கு வாங்கும் விலையில்லை, விடுங்கள்.

ஏணி வைத்து நாமே மாட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரே சொல்: வேண்டாம். லைன் மின்வாரியத்துடையது. பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் கம்ப எண்களோடு மனு கொடுங்கள். செலவை நாம் ஏற்கும் டெபாசிட் வேலையாக மதிப்பீடு போட்டு வாங்கலாம். சாமானின் விலையை மட்டும் பார்த்துவிட்டு ஆள் கூலி, மேற்பார்வைக் கட்டணத்தை மறந்தால் பாதியில் நிற்கும். மாதாந்திர ஷட்டவுனோடு சேர்த்துக்கொண்டால் தனியாக மின்தடை வேண்டியதில்லை. லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்தியதற்கான அனுமதி) வாங்கி, இருபுறமும் எர்த் ராடு போட்ட பிறகுதான் கம்பத்தில் ஏறுவார்கள்; அவசரப்படுத்தாதீர்கள். ஒரு டிரான்ஸ்பார்மர் இரட்டைக் கம்பத்துக்கு முழு உறை போட அரை நாள் ஒதுக்கினால் சரியாக இருக்கும்.

காலம் முக்கியம். ஆவணி, புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். கண்மாய் வறண்டிருக்கும், நீர்ப்பிடிப்பில் நிற்கும் கம்பத்தடிக்கு டிராக்டரே போகும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அதே கம்பம் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும். அடுத்த கோடை வரை யாரும் ஏற மாட்டார்கள். அதற்குள் பறவைகள் வந்து, கூடு கட்டி, குஞ்சும் பறக்கத் தொடங்கியிருக்கும். கம்பியில் அதிகம் அடிபடுவது அந்த அனுபவமில்லாத குஞ்சுகள்தான்.

மாட்டிய பிறகு பலன் இருக்கிறதா என்று பார்க்க வாரம் ஒரு விடியற்காலை லைனுக்குக் கீழே நடக்க வேண்டும். வெயில் ஏறினால் பிரயோஜனமில்லை. நாயும் கீரியும் நரியும் முந்திக்கொள்ளும், இறகு மட்டும் மிஞ்சும். இறகுக் குவியலையும் ஒரு சாவாகவே எழுதுங்கள். கம்பத்தடியில் கிடந்தால் ஷாக், இரண்டு கம்பத்துக்கு நடுவில் கிடந்தால் மோதல் என்று பெரும்பாலும் பிரிக்கலாம். காலிலோ இறக்கை நுனியிலோ கருகல் இருந்தால் சந்தேகமே இல்லை. செத்த மயிலைத் தொடாதீர்கள், இறகு ஒன்றைக்கூட எடுக்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். உயிரோடு கம்பியில் சிக்கித் தொங்கினால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம், 94987 94987. நடக்கும்போதே அண்ணாந்து பார்த்து, தகடுகள் மாட்டின இடத்திலேயே இருக்கின்றனவா என்று எண்ணிக்கொண்டு போங்கள். ஒரு கம்பியில் நாலும் நடுவில் கூடி நின்றால் கிளாம்பு அளவு தப்பு. கடைக்காரரிடம் மாற்றித் தரச் சொல்லி, ரசீதோடு அந்த வாரமே போய் நில்லுங்கள்.